டப்பாவில் இருப்பது வைட்டமின் அல்ல

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் மகளின் மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் தலை சுற்றியதால் ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

"உன் மாமனார் முகத்துல களை வந்திருக்காமே, அப்படி என்ன வைட்டமின் சாப்பிடறார்? பேரைக் கேட்டுச் சொல்லு" என்று நீங்கள் போனில் கேட்டதாக மருமகள் சொன்னாள். என் மனைவிதான் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த வைட்டமினின் பெருமையைப் பாடிக்கொண்டிருக்கிறாள். தயவுசெய்து அதை வாங்கித் தொலைக்காதீர்கள். நீங்களும் என்னைப் போல பிரஷர் மாத்திரை போடுகிறவர். டப்பாவில் இருப்பது வைட்டமின் அல்ல, மனச்சோர்வுக்கான மாத்திரை. இந்த வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டாம்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு என்னவோ ஆகிவிட்டது, சம்பந்தி. முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன், சட்டையை ஏன் மாட்ட வேண்டும் என்று கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன். பேரன் கூப்பிட்டால்கூட எரிச்சல். ஒருநாள் பல் தேய்க்கும்போது காரணமே இல்லாமல் அழுதேன். வீட்டில் சொல்லாமல் மனநல டாக்டரிடம் போனேன். "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். மாத்திரை கொடுக்காமல் அனுப்பிவிடுவாரோ என்று பயந்து, "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டேன். பிரஷர் மாத்திரை எழுதித் தரும் இதய டாக்டரிடமும் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. மாத்திரைகளை இரண்டு வெவ்வேறு கடைகளில் வாங்கினேன். வீட்டில் கேட்டால் சொல்ல, மன மாத்திரையை ஒரு பழைய வைட்டமின் டப்பாவில் கொட்டி வைத்தேன்.

அதற்காக என்னைப் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளை மோதாமல் அனுப்பியவன் நான். காலை ஆறுக்குப் பிரஷர் மாத்திரை, மாலை ஆறுக்கு மன மாத்திரை, நடுவே பன்னிரண்டு மணி நேரம். எங்கே சந்திக்கும்? ஆறு வாரத்தில் மனசு லேசாகிவிட்டது. நாடிதான் இறங்கிக்கொண்டே போனது. அறுபத்தெட்டு, அறுபது, ஐம்பத்திரண்டு, நாற்பத்தாறு. பயத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகம். நேரத்தை முன்னே தள்ளிப் பார்த்தேன், பின்னே தள்ளிப் பார்த்தேன், நோட்டுப் போட்டு எழுதினேன், ஒன்றும் பிடிபடவில்லை. முந்தாநாள் ஷூ கயிறு கட்டிவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே செருப்பு அலமாரி மேல் சரிந்தேன். மனைவி ஓடிவந்து, "உடம்புல சத்தே இல்லை, நாளையிலேர்ந்து ரெண்டு வைட்டமினாப் போடுங்க" என்கிறாள். என்னத்தைச் சொல்ல!

நேற்று மருந்துக்கடைப் பெண்ணிடம் இரண்டு மாத்திரை அட்டைகளையும் காட்டி, "ஒரு நண்பருக்காகக் கேக்கறேன்மா" என்றேன்.

"நேரத்தை மாத்தறதால ஒண்ணும் ஆகாது சார். இந்த மன மாத்திரை உடம்புல நாள் கணக்கா இருக்கும். உங்க பிரஷர் மாத்திரையை உடம்பு கரைச்சு வெளியேத்தும் பாருங்க, அந்த வேலையை இது மெதுவாக்கிடும். பிரஷர் மாத்திரை உள்ளேயே சேர்ந்துபோய் நாடி இறங்கும். நீங்களா ரெண்டையும் நிறுத்தாதீங்க. உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"என் நண்பருக்குத்தான்மா..."

"சரி, அந்த நண்பரை முதல்ல இந்த ஸ்டூல்ல உட்காரச் சொல்லுங்க. தள்ளாடறார்."

பார்த்தீர்களா வேடிக்கையை! முதல் வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பவே இல்லை, நான் அடுத்ததற்குப் பச்சைக்கொடி காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த வயதில் என் உடம்புக்குள் இத்தனை போக்குவரத்து நடக்கிறது என்று யார் கண்டது!

இன்று இதய டாக்டரைப் பார்க்கும் நாள். சொன்னால் மன மாத்திரையை நிறுத்தச் சொல்வார். அந்தக் கட்டிலுக்கு நான் திரும்பிப் போக மாட்டேன், சம்பந்தி. ஆகவே வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நீங்களும் படித்ததும் கிழித்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: டாக்டர் வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு முந்தின ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது எண்ணினேன், நாடி நாற்பத்திரண்டு. வாயால் சொல்லப்போனால் அழுதுவிடுவேன். அதனால் இந்தக் கடிதம் தபாலுக்குப் போகவில்லை, சம்பந்தியிடம் போனில் சொல்லிக்கொள்கிறேன். டாக்டர் ஐயா, மேலே இருப்பதை முழுக்கப் படியுங்கள். இதயத்துக்கு என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். மனசுக்கு இந்த மாத்திரை ஆகாதென்றால் வேறொன்று எழுதிக் கொடுங்கள். வெறுங்கையோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.