நீர்வீழ்ச்சிக்கு முன்னால் ஓர் அரிசி மூட்டை

கல்ஃபில் வேலை பார்ப்பவர்கள் அதிகமாகச் சொல்லும் பொய் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "நல்லா இருக்கேன்." ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே, "இப்பத்தான் பிரியாணி சாப்பிட்டுப் படுத்தேன்" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்ன மகானுபாவன் எங்கள் கேம்ப்பிலேயே இருந்தான். நானும் அந்தப் பொய்யைச் சொன்னவன்தான். ஆனால் மற்றவர்கள் வாயால் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் அதை ஸ்டுடியோவுக்குப் போய் கலர் போட்டோவாக எடுத்துச் சொன்னேன். வினை அங்கேதான் பிடித்தது.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம். துபாய்க்குப் பக்கத்தில், ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் எனக்கு வேலை. ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்தபோது அடுக்கி வைத்திருந்த டைல்ஸ் பெட்டிகள் மொத்தமாகச் சரிந்து என் வலது கால்மேல் இறங்கின. (தப்பு என்னுடையது இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் தன்னுடையதும் இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். ஆகவே தப்பு டைல்ஸின் மேல்தான் இருக்க வேண்டும்.) முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப் பிளேட் வைத்தார்கள். அது சரியாகக் கூடாததால் இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருந்தது. அதுவரை சம்பளத்தோடு மெடிக்கல் லீவு. செலவெல்லாம் இன்சூரன்ஸ். ஆபரேஷனுக்குப் பிறகும் கால் முழுசாகத் தேறாவிட்டால் ஊனத்துக்கு இழப்பீடும் உண்டு. இரண்டு ஊன்றுகோல்களோடு கேம்ப் ரூமுக்கும் மெஸ்ஸுக்கும் இடையே நான் ராஜநடை நடந்துகொண்டிருந்தேன்.

அறந்தாங்கிப் பக்கம் கிராமத்தில் இருந்த என் மனைவி மல்லிகாவுக்கு இதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. சொன்னால் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் போன் கார்டைச் சுரண்டிக் கூப்பிடுவேன். "நல்லா இருக்கேன்" என்பேன். "நாங்களும் நல்லாத்தான் இருக்கோம்" என்பாள். கொழுந்தியாள் கல்யாணம் வந்தது. கம்பெனியில் லீவு தரவில்லை என்று அளந்தேன்.

"சரி, வர முடியலைன்னா போகட்டும். ஒரு போட்டோவாச்சும் அனுப்புங்க. பாஸ்போர்ட் சைஸ் வேணாம். முழு உருவமா, நின்ன மேனிக்கு எடுத்து அனுப்புங்க" என்றாள்.

புத்தி உள்ளவனாக இருந்தால் அந்த "நின்ன மேனிக்கு" என்ற வார்த்தையிலேயே உஷாராகியிருப்பான். எனக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது.

ரூமில் எனக்கு அடுத்த கட்டில் தங்கதுரை, தூத்துக்குடிக்காரன். கொடுக்கிற யோசனைக்குப் பின்விளைவு என்ற ஒன்று உண்டு என்பதையே அறியாதவன்.

"சும்மா நின்னா எவன் நம்புவான் வே?" என்றான். "எதையாச்சும் தூக்கிக்கிட்டு நிக்கணும். அப்பத்தான் ஆளு கிண்ணுன்னு இருக்கான்னு வீட்ல நம்புவாக."

மெஸ்ஸில் நாற்பது கிலோ பாஸ்மதி அரிசிச் சாக்கு ஒன்று காலியாகக் கிடந்தது. ரூமில் இருந்த தலையணைகளை அதற்குள் திணித்து வாயைத் தைத்தோம். கேம்ப்புக்கு எதிரே ஒரு மலையாளி சேட்டனின் போட்டோ ஸ்டுடியோ. பின்னணிக்கு நீர்வீழ்ச்சி வரைந்த படுதா. அந்த நீர்வீழ்ச்சியின் நடுவில், என் அதிர்ஷ்டம், ஒரு பழைய கிழிசல் இருந்தது. தங்கதுரை படுதாவுக்குப் பின்னால் போய், கிழிசல் வழியாகக் கையை விட்டு, என் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஊன்றுகோல்களைத் தூரப் போட்டாயிற்று. நான் இடது காலில் நின்று, வலது காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்து, தோளில் மூட்டையோடு நிமிர்ந்தேன்.

"இனி ஒன்னு சிரிக்கூ" என்றார் சேட்டன்.

வலியில் பல்லைக் கடித்தேன். சேட்டன் அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லக் கூச்சமில்லை. அப்படி ஒரு போட்டோ என் வாழ்நாளில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. கல்யாண ஆல்பத்தில்கூடப் போலீஸில் பிடிபட்டவன்போல நிற்பவன், இதில் குற்றால அருவிக்கு முன்னால் பயில்வான்போல நின்றேன். ஒரு காப்பி அறந்தாங்கிக்குப் போயிற்று. சேட்டனுக்கும் அந்தப் போட்டோ ரொம்பப் பிடித்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கடைக் கண்ணாடிக்குள் ஒரு மாப்பிள்ளை பெண் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். கேம்ப்பே அந்த வழியாகத்தான் போய்வரும். ஒருநாள் இன்சூரன்ஸ் கம்பெனி ஆளும் போனார்.

கம்பெனி ஆபீஸில் ஜெசிந்தா என்று ஒரு பெண் இருந்தார். கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம். தமிழ் ஆட்களுக்கு ஏதாவது என்றால் மேனேஜருக்கும் எங்களுக்கும் நடுவே பாலம் அவர்தான். அவர்தான் போன் செய்தார்.

"அண்ணே, நாளைக்கு ஆபீசுக்கு வாங்க. இன்சூரன்ஸ்ல விசாரணை. நீங்க நெஜமாவே முடியாம இருக்கீங்களான்னு பாக்கப் போறாங்களாம்."

"பாக்கட்டுமே, மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்" என்றேன் கம்பீரமாக. (மடியில் கனம் இல்லைதான். தோளில் இருந்ததை மறந்துவிட்டேன்.)

விசாரணைக்கு வந்தவர் ஓர் எகிப்துக்காரர். பெரிய மீசை, கோட்டு, சூட்டு. மேஜைமேல் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. உட்காரச் சொல்லிவிட்டு, மெதுவாகத் தாளைப் பிரித்தார். உள்ளே நான் இருந்தேன். சட்டத்தோடு, நீர்வீழ்ச்சியோடு, மூட்டையோடு, சிரிப்போடு.

"இது நீங்கதானான்னு கேக்குறார்ண்ணே" என்றார் ஜெசிந்தா, அடிக்குரலில்.

"ஆமா" என்றேன். அந்த நேரத்திலும் குரலில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்ததை என்னால் தடுக்க முடியவில்லை.

"ஊன்றுகோல் இல்லாம நிக்க முடியாதுன்னு டாக்டர் ரிப்போர்ட்ல இருக்கு. போட்டோவுல நாப்பது கிலோவைத் தூக்கிக்கிட்டுச் சிரிக்கிறீங்க. ரெண்டுல எது பொய்னு கேக்குறார்."

"எக்ஸ்ரே இருக்கே, அதைப் பாக்கச் சொல்லுங்கம்மா."

"எக்ஸ்ரே பழசாம். போட்டோதான் புதுசாம்."

பொய் என்று முடிவானால் லீவுச் சம்பளம் நிற்கும், ஆபரேஷன் ரத்தாகும், ஏமாற்றியவன் என்று விசாவில் கேன்சல் குத்தி விமானம் ஏற்றிவிடுவார்கள். கூடாத எலும்போடு ஊருக்குப் போய் இறங்க வேண்டியதுதான். தலையணை, படுதா, கிழிசல், தங்கதுரை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். ஜெசிந்தா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, எகிப்துக்காரரின் முகம் கல்லாகிக்கொண்டே போனது. பொண்டாட்டிக்கு ஒரு பொய் சொல்ல எந்த மனிதனாவது இவ்வளவு பாடுபடுவானா என்று கேட்டார்.

"அப்படின்னா செஞ்சே காட்டுறோம்" என்றபடி கதவைத் திறந்துகொண்டு தங்கதுரை வந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. கடைக் கண்ணாடியில் போட்டோவைக் காணோம் என்றதுமே விஷயத்தை மோப்பம் பிடித்து, கதவோரம் காதை வைத்து நின்றிருக்கிறான். தோளில் அந்த மூட்டையும் இருந்தது. "சாட்சி வே" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அந்த ஆபீஸில் நீர்வீழ்ச்சி ஏது? ஜன்னல் திரைதான் இருந்தது. தங்கதுரை அதன் பின்னால் புகுந்துகொண்டு, நடுவில் கையை விட்டு என் பெல்ட்டைப் பிடித்தான். நான் ஊன்றுகோல்களை ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றினேன். ஒரு நொடி, அதே போட்டோபோலவே நின்றேன். எகிப்துக்காரர்கூடச் சட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குள் தங்கதுரைக்குத் தும்மல் வந்தது.

தும்மியவன் நிலைகுலைந்து திரையோடு தொங்கினான். திரைக்கம்பி சுவரைவிட்டுப் பெயர்ந்து எங்கள் தலைமேல் வந்தது. நான் மேஜைமேல் விழுந்தேன். மூட்டை எனக்கு முன்பே விழுந்து வாய் பிளந்தது. கேம்ப் தலையணைகளுக்கு உறை எல்லாம் பேருக்குத்தான். அறை முழுக்கப் பஞ்சு பறந்தது. எழுந்திருக்க முடியாமல் நான் "அம்மா" என்று அலறிக்கொண்டிருக்க, என் பெல்ட்டை விடாமல் பிடித்தபடி தங்கதுரை திரைக்குள்ளிருந்து, "பாத்தீயளா, நான் சொல்லல?" என்று கேட்டான்.

எகிப்துக்காரர் மீசையில் ஒட்டிய பஞ்சை எடுத்துக் கீழே போட்டார். பிறகு ரொம்ப நிதானமாக ஒன்று சொன்னார்.

"அண்ணே," ஜெசிந்தாவின் குரல் இறங்கிவிட்டது. "இவ்வளவு நல்லா நடிக்கத் தெரிஞ்ச ஆளு, மனைவிகிட்ட நடிச்சாரா எங்கிட்ட நடிக்கிறாரான்னு எப்படித் தெரியும்னு கேக்குறார். அக்காகிட்டயே இப்பப் பேசணுமாம். நீங்க வாயத் திறக்கக் கூடாதாம்."

எனக்கு உயிரே போயிற்று. அவள் என்ன சொல்வாள்? "நல்லா இருக்காக" என்பாள். நானே பாடம் பண்ணிக்கொடுத்த பொய், என் காலுக்கே எதிராகச் சாட்சி சொல்லப் போகிறது.

ஸ்பீக்கரில் மணி அடித்தது. எடுத்துவிட்டாள்.

"அக்கா, நான் துபாய் பக்கம் கம்பெனி ஆபீஸ்லருந்து பேசுறேன். உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு..."

"அவுக அங்கதான இருக்காக? ஆளப் பக்கத்துல வச்சுக்கிட்டு எங்கிட்ட எதுக்குக் கேக்குறீக?" (நியாயமான கேள்வி.)

"சும்மா ஒரு விசாரணைதான்க்கா. உங்ககிட்ட என்ன சொல்றாரு?"

"நல்லா இருக்கேன்னு சொல்றாக."

ஜெசிந்தா மொழிபெயர்க்க, எகிப்துக்காரர் எழுதிக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போட்டோ வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. அதப் பாத்த அன்னிக்குத்தான் ஆளுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு முழுசா உறுதியாச்சு."

ஜெசிந்தா, "எப்படிக்கா?" என்றார்.

"ஏந் தங்கச்சி, கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து வாசல்ல இருக்க தண்ணிக் கொடத்தத் தூக்கி உள்ள வச்சதில்ல இந்த மனுசன். அரிசி மூட்டையத் தோள்ல வச்சுக்கிட்டுச் சிரிச்சா நான் நம்பணுமா? அதுக்கு முன்னயே எனக்குச் சந்தேகந்தான். பல்லு வலிச்சாக்கூட போன் கார்டு தீர்ற வரைக்கும் பொலம்புற ஆளு. சோத்துல உப்பு இல்ல, ரூம்ல மூட்டப்பூச்சி, மூக்கு ஒழுகுதுன்னு வெள்ளிக்கிழமையானா ஒப்பாரிதான். அது நின்னுபோயி மாசக்கணக்காச்சு. எப்பக் கேட்டாலும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னா என்ன அர்த்தம்?"

ஜெசிந்தா சிரித்துவிட்டு மொழிபெயர்த்தார். எகிப்துக்காரர் எழுதியதை அடித்தார்.

அப்புறம் மல்லிகாவின் குரல் மாறியது. "காலா, கையா? அத மட்டும் சொல்லிருங்க தங்கச்சி."

அவளுக்குத் தெரியக் கூடாது என்று நான் ஒளித்து வைத்ததை, காலா கையா என்றுகூடத் தெரியாமல் இத்தனை மாதம் அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் தூக்கியது வெறும் பஞ்சு மூட்டை.

"கால்தான்க்கா. ஆபரேஷன் பண்ணினா சரியாயிரும்" என்றார் ஜெசிந்தா. "தெரிஞ்சும் ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா, தெரிஞ்சுபோச்சேன்னு அவுக வருத்தப்படுவாக. அவுக மறைச்சாக, நான் மட்டும் என்னவாம்? மழையில கொல்லப்பக்கச் சுவரு மொத்தமா விழுந்ததச் சொன்னேனா?"

"என்னது! சுவரு விழுந்துருச்சா?" என்று கத்திவிட்டேன்.

"ஆகா, அங்கதான் இருக்கீகளா?" என்றது ஸ்பீக்கர். அதன்பின் வந்தது எதையும் அச்சில் போட முடியாது. ஜெசிந்தா மொழிபெயர்க்க வாயைத் திறந்தபோது எகிப்துக்காரர் கையைக் காட்டித் தடுத்தார். கெய்ரோவில் தன் வீட்டிலும் இதே பாஷைதான் என்றார். பைலை மூடி, "கலாஸ்", அதாவது கேஸ் முடிந்தது, என்று சொல்லி, போகும்போது அந்தப் போட்டோவை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். தங்கதுரை என்னைத் தூக்கிக்கொண்டு கேம்ப்பைச் சுற்றி வந்தான். தேர்தலில் ஜெயித்தவனுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது.

ஆபரேஷன் நடந்தது. லேசாகத் தாங்கித் தாங்கி நடக்கும் அளவில் கால் நின்றது. அந்தத் தாங்கலுக்கு வந்த இழப்பீட்டில் கொல்லைப்பக்கச் சுவரை எழுப்பினோம். அந்த வகையில் அந்தச் சுவர் நிற்பது என் வலது காலில்தான். போட்டோவை மல்லிகா ஹாலில் மாட்டிவிட்டாள். கடையிலிருந்து அரிசி வந்து இறங்கும்போதெல்லாம், கால் வலி என்று நான் முனக ஆரம்பித்தால், அந்தப் போட்டோவைக் காட்டுவாள். சாட்சி சட்டம் போட்டுத் தொங்குகிறது, நான் என்ன வாதாட முடியும்?

மகள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். போன மாதம் கூப்பிட்டபோது, கேட்பதற்கு முன்பே, "நான் நல்லா இருக்கேம்மா, சூப்பரா இருக்கேன்" என்றாள்.

மல்லிகா நிதானமாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரிடி, மொதல்ல மூட்டையக் கீழ எறக்கி வையி. அப்புறம் பேசு."

அந்தப் பக்கம் மகள் அழ ஆரம்பித்தாள்.