பீப்பாய்க்கு வந்த யோகம்

அன்று காலை டெனிஸ் ஹாகர்ட்டி கேட்டது, ரொட்டியில் கடுகு விழுது கொஞ்சம் கூடுதலாக. மனைவி ரோஸ்லின் தடவிக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு, வலை மட்டையால் பந்தாடும் லாக்ரோஸ் மைதானத்தில் கோடு போடப் போன மனிதர், பாதிக் கோட்டிலேயே விழுந்தார். மாரடைப்பில் உயிர் போயிற்று.

பால்டிமோர் பக்கத்துச் சின்னத் தனியார் பள்ளி அது. அங்கே இருபத்திரண்டு வருடம் பயிற்சியாளராக இருந்தவர். ஆட்டத்துக்குப் பத்துப் பேர் வேண்டும்; அணியில் இருந்தது எட்டு. அடுத்த சேர்க்கையில் இரண்டு பையன்கள் வராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவது என்று நிர்வாகம் தீர்மானித்திருந்தது.

ஆள் சேர்க்கத் தலைமை ஆசிரியர் க்ராஸ்பி கண்டுபிடித்த வழியின் பெயர் ட்ரெவர் ப்ளங்கெட். அருள்வாக்குக்காரர். நுனியில் வலை பின்னிய பழைய லாக்ரோஸ் மட்டையைக் கயிற்றில் கட்டி, பையனின் தலைக்கு மேல் பிடிப்பார். மட்டை ஆடினால் கல்லூரி உதவித்தொகை நிச்சயம். ஆடாவிட்டால் தீய அதிர்வு. கழுவத் தனிக் கட்டணம்.

சனிக்கிழமைதோறும் கார் நிறுத்த இடமில்லை. வழக்கறிஞர்கள், பல் மருத்துவர்கள். வீடு வாங்க மூன்று பேரிடம் யோசனை கேட்பவர்கள், மகனின் எதிர்காலத்தை ஒரு கயிற்றிடம் கேட்டார்கள். மட்டை தேர்ந்தெடுத்த பையன்கள் சான்றிதழோடு பணக்காரப் பள்ளிகளுக்குப் போனார்கள். ஒதுக்கிய பையன்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார்கள். இங்கே ஒருவனும் சேரவில்லை. ஆள் கிடைக்காத அணி ஆட்களை வடிகட்டிக்கொண்டிருந்தது. தரம் உயர்கிறது என்றார் க்ராஸ்பி.

நான்காவது சனிக்கிழமை ரோஸ்லின் வந்தாள். கையில் கம்பளிக் கழுத்துத்துணி.

“மட்டைதானே பாக்குது மிஸ்டர் ப்ளங்கெட், நீங்க பாக்கலையே?”

“நான் வெறும் கருவி, மேடம்.”

“அப்ப கண்ணைக் கட்டிக்கிறதுல கஷ்டம் இல்லையே.”

கூட்டம் கைதட்டியது. கருவியால் மறுக்க முடியவில்லை.

போன வாரம் ஒதுக்கப்பட்ட க்விண்டனை முதலில் நிறுத்தினாள். மட்டை துள்ளியது. மறுபடியும் அவனையே நிறுத்தினாள். அசையவில்லை, தீய அதிர்வு என்றார். மூன்றாவதாக, ஆட்டக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் ஆரஞ்சு நிறப் பீப்பாயை பெஞ்சு மேல் தூக்கி வைத்தாள். மட்டை சுழன்று சுழன்று ஆடியது.

“அமைதியான பையன்,” என்றார் ப்ளங்கெட். “தலைவனாப் பொறந்தவன். கல்லூரிக்காரங்க இவனுக்காக அடிச்சுக்குவாங்க.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே. ப்ளங்கெட் கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பீப்பாய் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு பல் மருத்துவர் மட்டும், அந்தப் பீப்பாயில் கடைசியாகத் தண்ணீர் குடித்த பையன் யார் என்று விசாரித்தார்.

“ஆடுறது மட்டையோட வேலை டாக்டர்,” என்றாள் ரோஸ்லின். “உங்க தலையை யோசிக்கிறதுக்கும் கொஞ்சம் வச்சுக்கோங்க.”

திங்கட்கிழமை அவள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. க்விண்டனின் அம்மா, மகனை அணியில் சேர்க்க. மாலையில், ஒதுக்கப்பட்ட இன்னொரு பையனின் அப்பா. அணிக்குப் பத்துப் பேர் ஆயிற்று. பெயர்களை எழுதிக்கொண்டாள்.

சேர்க்கை அறிவிப்புத் தாளில், தொடர்புக்கு என்ற இடத்தில் இன்றும் இருப்பது டெனிஸின் பெயரும் வீட்டு எண்ணும்தான்.