முதல் வெடிக்குக் காது கொடுப்பவர்

வீட்டிலேயே காபிக்கொட்டை வறுப்பவர் என்றொரு மனித வகை உண்டு. அடையாளம் காண்பது சுலபம்: அவர் வீட்டில் காபி மட்டும் கிடைக்காது.

வறுக்க ஒரு மிஷின், வறுத்ததை ஆற்ற ஒரு மிஷின், அரைக்க ஒரு மிஷின், கொட்டையின் சூட்டைத் தள்ளி நின்றே அளக்கத் துப்பாக்கி மாதிரி ஒன்று (விருந்தாளியின் நெற்றியிலும் ஒருமுறை வைத்துப் பார்ப்பார்), பறக்கும் தோலை உறிஞ்ச இன்னொன்று என்று சமையல் மேடை நிறைந்து, அடுப்பு மட்டும் வாடகை பாக்கி வைத்தவன்போல மூலையில் ஒடுங்கி நிற்கும். 'ஒரு வாய் காபி' என்று கேட்டுப் பாருங்களேன். "நேத்துதான் வறுத்தேன். உள்ளே இருக்கிற காத்தெல்லாம் வெளியேற மூணு நாள் ஆகும்" என்பார். எப்போது போனாலும் நேற்றுதான் வறுத்திருப்பார். போன வாரம் வறுத்தது? சரியாக வரவில்லையாம். கொட்டிவிட்டார்.

இந்த வகையில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வியாழக்கிழமை மாமனார் வந்து இறங்கினார். ஞாயிறு காலை திரும்ப பஸ். காபி உள்ளே போகாவிட்டால் தலைவலியில் கண்ணே திறக்காத மனிதர்.

"மாமாவுக்குன்னே புதுசா வறுக்கிறேன்" என்று மாப்பிள்ளை மிஷினைத் தட்டினார்.

பதினோரு நிமிட வறுவல். எட்டாவது நிமிடம் வாக்கில் கொட்டை 'பட்'டென்று வெடிக்கும். அந்த முதல் வெடியைக் காதில் பிடித்து, அங்கிருந்து நேரத்தை எண்ணவேண்டும். ஆகவே ஏழாவது நிமிடம் மின்விசிறி நின்றது, குக்கர் இறங்கியது, மனைவி ஃபோனில் பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் தொங்கியது. மாப்பிள்ளை மிஷின் பக்கம் காதைச் சாய்த்துக் கண்ணை மூடினார். கவிதைக் கூட்டத்தில்கூட அப்படியோர் அமைதி கிடையாது.

மாமனார் தும்மினார்.

"மாமா, இப்ப வெடிச்சது நீங்களா, கொட்டையா?"

"நான்தான் மாப்ள. தெரியாம வந்துடுச்சு."

"ரெண்டும் ஒண்ணா வெடிச்சிருந்தா?"

மொத்தமும் குப்பைக்குப் போனது. வெள்ளிக்கிழமை காலை மறுபடி வறுவல். அந்தப் பதினோரு நிமிடமும் மாமனார் தெருமுனையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டிலில் நாளும் நேரமும் எழுதி ஒட்டியாயிற்று. மூன்று நாள் என்றால் திங்கள். பஸ்ஸோ ஞாயிறு.

"ஏங்க, அப்பா வெந்நீரைக் குடிச்சிட்டுப் படுத்துக் கிடக்கார்."

"கொட்டை இன்னும் மூச்சு விட்டுட்டிருக்கும்மா."

"எங்கப்பாவும் விட்டுட்டுதான் இருக்கார். இப்போதைக்கு."

மனைவி சலவைத்தூள் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த இன்ஸ்டன்ட் காபிப் பொட்டலத்தை அப்பாவிடம் ரகசியமாக நீட்டினாள். மாமனார் தலையசைத்தார். "வேணாம்மா. இவ்ளோ பொறுத்தாச்சு." அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை. பெட்டி வாசலில். மாப்பிள்ளை மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒருநாள் முன்னதாகவே பாட்டிலைத் திறந்தார். மாமனார் ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கில் உருட்டினார். கூரையைப் பார்த்தார்.

"அவசரப்பட்டுட்டீங்க மாப்ள. நாளைக்குத் திறந்திருக்கணும்."

பெட்டி உள்ளே போனது. பஸ் அதன்பாட்டுக்குப் போனது.

அடுத்த வாரம் மாமியாரிடமிருந்து ஃபோன்: "உங்கப்பாவை என்னடி பண்ணீங்க? என்னமோ மிஷின் வாங்கி வெச்சிருக்கார். நான் இருமக்கூடாதாம்!"

தொற்றுகிறது என்பதால்தான் சொல்கிறேன். உங்களுக்கெல்லாம் வராதா? ரொம்பச் சந்தோஷம். ஆனால், மேலே நான் பதினோரு நிமிடம் என்று எழுதிய இடத்தில், 'கருகியிருக்குமே, பத்தே போதும்' என்று உதட்டை அசைத்தது யார்?