தண்ணீர்த் தொட்டி மேல் நேயர் சார்

இணையதளத்துக்கு ராத்திரியில் பூட்டுப் போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் நேயர் சார்.

பெங்களூரில் ஓர் அரசு வானொலி நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் அவர் மூத்த அறிவிப்பாளர். மைக்கைப் பார்த்து 'நேயர்களே' என்று சொல்லிச் சொல்லி, மனித குலமே அவருக்கு நேயர்களாகிவிட்டது. பஸ் கண்டக்டரிடம்கூட, 'நேயரே, அல்சூருக்கு ஒண்ணு' என்பார். கண்டக்டர் கன்னடக்காரர். அது ஏதோ பெரிய பட்டம் என்று நினைத்துப் பணிவாக டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊர் முழுக்க கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். நம் நிலையத்துக்கும் இணையதளம் வேண்டும், வலைப்பூ வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ஆம்பூரிலிருந்து வேலை தேடி வந்திருந்த என்னை வடிவமைப்புக்கு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். பொறுப்பதிகாரியாக நேயர் சாரைப் போட்டார்கள். அவருக்கு மௌஸைப் பிடிக்கத் தெரியாது. அதைப் பற்றித் துளிக் கவலையும் கிடையாது.

"இத்தனை வருஷமா கண்ணுக்குத் தெரியாத ஆளுங்ககிட்டதாம்மா பேசிட்டிருக்கேன். இதுவும் அதே வேலைதான்" என்றார்.

முதல் பக்கத்தை நான் அழகாக, நிறைய வெள்ளை இடம் விட்டுச் செய்து காட்டினேன். அவர் முகம் வெளிறியது. வானொலியில் சத்தமே வராமல் போகும் நொடிகளுக்கு 'டெட் ஏர்' என்று பெயர். அறிவிப்பாளருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. என் பக்கத்தில் அவர் பார்த்ததெல்லாம் டெட் ஏர். சாயங்காலத்துக்குள் அந்த வெள்ளை இடத்தில் வானிலை, சமையல் குறிப்பு, மாம்பழத்தின் மருத்துவ குணங்கள் என்று நிரப்பச் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த ஓர் ஓரத்தில் ரோஜாப்பூ ஒன்று சுழன்றது.

பூட்டு அதற்கு அடுத்த வாரம். நிலையம் ராத்திரி மூடிய பிறகு இணையதளம் மட்டும் ஆளில்லாமல் திறந்து கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒலிபரப்பு முடிந்ததும் 'இத்துடன் இன்றைய சேவை நிறைவடைகிறது' என்ற வரி மட்டும் தெரியும்படி செய்ய வைத்தார். எங்கள் ஆட்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு தமிழர்தான், ஆபீசில் எப்போது திறந்தாலும் கடை மூடியிருக்கிறதே என்று எழுதிக் கேட்டார். நேரக் கணக்கை நான் விளக்கினேன். அந்த நேரத்தில் அங்கே பகலாக இருப்பது அவருடைய பிரச்னை என்று நேயர் சார் தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் மறுநாள் வந்ததும் பூட்டைத் திறக்கச் சொன்னார்.

வலைப்பூவில்தான் மனிதர் ஜொலித்தார். அறைக்குள் நடந்துகொண்டே அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். அரசாங்கத் தமிழ் ஒரு சொட்டு இருக்காது. யார் பின்னூட்டம் போட்டாலும் பதில் உண்டு. திட்டியவர்களுக்குக் கொஞ்சம் நீளமான பதில்.

அப்படி வந்ததுதான் ஹெப்பகோடிப் பின்னூட்டம். பெங்களூரின் தெற்கு ஓரத்திலுள்ள அந்த ஊரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் தர்மபுரிக்காரர் செல்வராஜ், ப்ரௌசிங் சென்டரிலிருந்து போட்டிருந்தார். உங்கள் நிலையம் எங்கள் பக்கம் கரகரவென்று இரைவதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை, வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் மட்டும் கொஞ்சம் கேட்கிறது என்று.

நிலைய இயக்குநர் கன்னடக்காரர், நல்லவர், பயந்தவர். நம் ஒலிபரப்பு கேட்கவில்லை என்று நம் இணையதளமே சொல்லலாமா, உடனே அழித்துவிடுங்கள் என்றார். நேயர் சார் தலையாட்டினார். வெளியே வந்ததும் மேஜையிலிருந்த டிரான்சிஸ்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, என்னைக் கிளம்பச் சொன்னார்.

மேம்பாலம் வராத நாட்கள். ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்தது. வழி நெடுக டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு வந்தார். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் அவர் முகம் சுருங்கியது.

விசாரித்து செல்வராஜ் வீட்டைக் கண்டுபிடித்தோம். சஃபாரி சூட்டோடு அவர் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. ஏணியை செல்வராஜ் பிடித்துக்கொண்டார். மேலே நின்று, நான்கு திசையும் திரும்பி, கடைசியில் ஒற்றைக் காலைத் தூக்கியபோது காலையில் பதிவுசெய்த அவர் குரலே கேட்டது. இறங்கினார். நேராக ப்ரௌசிங் சென்டருக்குப் போனோம். அவர் சொன்னதை அப்படியே வலைப்பூவில் தட்டினேன்: 'ஹெப்பகோடி நேயர்கள் நம்மைக் கேட்கத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டியிருக்கிறது. நானே ஏறிப் பார்த்தேன். உண்மைதான்.' கீழே தன் முழுப்பெயரைப் போடச் சொன்னார்.

மறுநாள் இயக்குநர் அறையில் நானும் நின்றேன். என் ஒப்பந்தம் போகும், நேயர் சாருக்கு ஓய்வு பெறும் நேரத்தில் விசாரணை வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "ஏன் சார் இப்படி மாடிட்ரீ?" என்று, இப்படிச் செய்துவிட்டீர்களே என்பதைக் கன்னடம் கலந்து சொல்லி, இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நேயர் சார் குரலை உயர்த்தவில்லை. "சார், செய்தியில ஒரு பேரைத் தப்பாப் படிச்சா அடுத்த நிமிஷமே மைக்ல மன்னிப்பு கேக்கறோம். ஒரு ஊருக்கே நாம கேக்கலன்னா, அதை மட்டும் எப்படி சார் மறைக்கறது?"

இயக்குநர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒலிபரப்புக் கருவியைப் பழுது பார்க்க அனுமதி கேட்டுப் பொறியாளர்கள் அனுப்பிய கோப்பு டெல்லியில் தூங்கிக்கொண்டிருந்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அழிக்கச் சொன்ன பின்னூட்டத்தையும் நேயர் சாரின் பதிவையும் அச்செடுத்து, கோப்போடு இணைத்து அனுப்பினார். டெல்லியில் யார் மொழிபெயர்த்துச் சொன்னார்களோ, தண்ணீர்த் தொட்டி வேலை செய்துவிட்டது. அனுமதி வந்தது, பழுது சரியானது. கட்டிலில் படுத்தபடியே இப்போது கேட்கிறது என்று செல்வராஜ் எழுதினார். அதைத் தமிழ்ப் பிரிவில் மட்டுமில்லை, கேன்டீன் வரை போய் எல்லோருக்கும் படித்துக் காட்டினார் நேயர் சார்.

ஓய்வு பெற்றபின் வைட்ஃபீல்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கினார். லிஃப்ட் நின்றது, துளசி வாடியது, பேரன் சாப்பிட மறுத்தது எல்லாம் அதில் செய்திகள். படிக்க அதிகம் பேர் இல்லை. நான் தினமும் படிக்கிறேன். ஏதாவது ஒரு காலை புதுப் பதிவு வராவிட்டால் எனக்கு வேலை ஓடாது. போன் போட்டு, அவர் குரலைக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.