மூன்றாம் மாடி மீன் லிப்ட்

இனிமேல் மனைவி நாகமணி மீன் வாங்கக் கீழே இறங்கவே கூடாது என்று சவுந்தரநாயகம் தீர்மானித்தார்.

வெளியே சொன்ன காரணம் அவளுடைய முழங்கால் நோ. வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. ஏறி இறங்கப் படிகள் மட்டும்தான்.

சொல்லாத காரணம் வேறு. காலையில் மீன்காரன் சிங்களத்தில் "மாலு! மாலு!" என்று கூவியதும் நாகமணி இறங்குவாள். மீனுக்குக் கொஞ்ச நேரம், கதைக்கு மிச்ச நேரம். அவள் திரும்பி வரும்வரை வீட்டில் சத்தம் போடுவது சீலிங் பான் மட்டும்தான். மகன் கனடாவுக்குப் போன பிறகு அதுவும் ஒரே கதையைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னது.

அவரும் கூட இறங்கலாமே என்றால், மாட்டார். ஒழுங்கை முனையில் மண்மூட்டை அடுக்கிய இராணுவக் காவலரண். ஒருநாள் அங்கே மறித்து அடையாள அட்டை கேட்டபோது, அதை வீட்டில் விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. தெரிந்த சிங்களம் முழுக்க மறந்துபோனது. சொந்தப் பெயரிலேயே பாதியைத்தான் சொன்னார். மிச்சப் பாதியைச் சொல்ல நாகமணி ஓடிவரவேண்டியிருந்தது. அன்றோடு அவருடைய உலகம் பல்கனிக் கம்பியில் முடிந்தது.

ரயில்வேயில் சிக்னல் திருத்தியவர் அவர். கைவேலை மறக்கவில்லை. ஒரு கப்பி, சைக்கிள் செயின், பழைய மோட்டார்சைக்கிள் பிறேக், ஒரு மணி. எல்லாவற்றையும் பல்கனியில் பூட்டிக் கூடையைத் தொங்கவிட்டார்.

"இஞ்சாரும், கைபிடியைச் சுத்த முதல் இந்த லீவரைத் தள்ளவேணும். தள்ளினபடியே காலால பிறேக்கை மிதிக்கவேணும். கூடை ஆடினால் இதை இழுக்கவேணும். விளங்குதோ?"

"விளங்குது. எனக்கு இன்னும் ரெண்டு கை முளைக்கவேணும்."

"பகிடி விடாதையும். இனி நீர் மேல நிண்டே மீன் வாங்கலாம்."

"அப்ப செவுளை ஆர் பாக்கிறது?"

"என்னது?"

"செவுளைப் பிரிச்சுப் பாராமல் ஆரும் மீன் வாங்குவினமோ? மூண்டாம் மாடியில இருந்து பாத்தால் எல்லாம் நல்ல மீன்தான். நீங்கள் மெசினைச் சுத்துங்கோ. நான் கீழ போய்ப் பாத்து வாங்கிப் போடுறன்."

மீன் மேலே வந்தது. நாகமணி வரவில்லை. முன்பென்றால் மீன் பழுதாகிவிடும் என்ற பயத்திலாவது வருவாள். இப்போது அந்தப் பயமும் இல்லை.

ஒரு கிழமைக்குள் லிப்ட் ஒழுங்கையெங்கும் பிரபலமாகிவிட்டது. பக்கத்து வீட்டு புளோறன்ஸ் கூடைக்குள் பாண் ரொட்டியை வைத்து, "அங்கிள், ஒருக்கா!" என்பாள். மேல்மாடி ஹமீமா, "நானா, இந்த மாவு பேக்க கொஞ்சம் ஏத்தி எடுங்களே. ஒங்கட வாசல்ல வெச்சா போதும், போகக்குள்ள எடுக்கேன்," என்பாள்.

அவர் சுற்றினார். மிதித்தார். இழுத்தார். வாசலில் கதிரை போட்டு, இரண்டு கோப்பை தேத்தண்ணியும் ஊற்றி வைத்தார். வந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு, "தாங்க்ஸ்!" என்று ஓடினார்கள். இரண்டு தேத்தண்ணியையும் அவரே குடித்தார்.

பின்னேரம் மனைவியிடம் பெருமையாகக் கேட்டார்.

"உந்த லிப்ட் ஏன் இவ்வளவு பேமஸ் தெரியுமோ? பிறேக்!"

"பிறேக் எங்க இருக்கெண்டே ஒருத்தருக்கும் தெரியாது. பொருள் உதவியா இருக்கவேணும், பாவிக்கச் சுகமா இருக்கவேணும். அப்பத்தான் சனம் விரும்பும். கூடைக்க போட்டிட்டுக் கூப்பிட்டால் காணும், சாமான் மேல போயிடும்."

"அது மெசின்ர கெட்டித்தனம்தானே?"

"இல்லையப்பா. அந்த மெசின்ல பாவிக்க ஆகச் சுகமான பாகம் நீங்கள்தான்."

அவருக்குச் சுருக்கென்றது. அடுத்தநாள் காலையில் லிப்ட் பழுது என்று அறிவித்தார். இனி மீன் வேண்டுமென்றால் மீனோடு மனைவியும் வரத்தானே வேண்டும்!

நாகமணி பக்கத்து வீட்டுக்குப் போனாள். நீல வாளியொன்றில் உடுப்புக் காயப்போடும் கயிற்றைக் கட்டி, புளோறன்ஸின் பல்கனியிலிருந்து இறக்கினாள். லீவர் இல்லை, பிறேக் இல்லை, மணி இல்லை. யாரும் இழுக்கலாம், எல்லாரும் இழுத்தார்கள். மத்தியானத்துக்குள் எதிர்வீட்டிலும் ஒரு வாளி தொங்கியது.

பழுதாகாத லிப்டைப் பழுது பார்த்து முடித்துவிட்டதாக அவர் அன்று பின்னேரமே சொன்னார். யாரும் கேட்கவில்லை. மணியை அடித்தும் பார்த்தார். கீழே நின்ற நாய் மட்டும் நிமிர்ந்து பார்த்தது. "அங்கிள்" இல்லை, "நானா" இல்லை. கரையோர ரயில் ஒன்று தெஹிவளைப் பக்கம் போய் மறைந்தது. வீட்டுக்குள் பான் தன் கதையைத் தொடங்கியது.

சில நாட்கள் அப்படியே போயின. பிறகு ஒருநாள் காலையில் கீழேயிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ! புளோறன்ஸ் வேலைக்குப் போயிட்டாள். வாளி இழுக்க ஆளில்லை. வந்து தூக்குங்கோ!"

"கூடையில போடும்! மெசின் இருக்கு!"

"கூடைக்கு இது பெரிசு!"

"அப்ப நீரே கொண்டு வாரும்!"

"முழங்கால் நோகுது! படி ஏறக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

ஒழுங்கையே சிரித்தது. ஆனாலும் பல நாட்களுக்குப் பிறகு ஒருவர் அவரைக் கூப்பிட்டிருந்தார். சாரத்தோடும் பெனியனோடும், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

வாளிக்குள் மீன் இல்லை. மடித்து வைத்த சேட் ஒன்று. அதன் மேல் அவருடைய அடையாள அட்டை.

"போடுங்கோ," என்றாள் நாகமணி மெதுவாக.

போட்டார். பொத்தானைப் பூட்டி, அட்டையைச் சேட் பையில் வைத்தார். காவலரணில் நின்றவன் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு மீன்காரனிடம் சூரையின் விலையைக் கேட்டான். நாகமணி ஒரு மீனை எடுத்து, கணவரின் விரலைப் பிடித்துச் செவுளுக்குள் வைத்தாள்.

"சிவப்பா இருந்தால் நல்லது. மண்ணிறமெண்டால் விடுங்கோ. விளங்குதோ?"

"விளங்குது. ஏன் இதெல்லாம் எனக்கு?"

நாகமணி வெறும் வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியேறத் தொடங்கினாள்.

"நீங்கள் தீர்மானிச்சபடிதான். நாளையில இருந்து நான் மீன் வாங்கக் கீழ இறங்கமாட்டன்."