நாற்பதுக்குப் பூஜ்யம்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் அறிவை அளப்பதுதான் அவருக்கு உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் கதை அளப்பார். மொத்தத்தில் நாள் முழுக்க அளந்துகொண்டே இருக்கிற மனுஷன்.

மாடியில் ஜன்னல் வைத்த அறை ஒன்று காலியானது. அவர் அதைப் படிப்பறை ஆக்க ஆசைப்பட்டார். அவருடைய மனைவியோ கூடத்து மூலையில் இடிபட்டுக்கொண்டிருந்த தையல் மிஷினை அங்கே ஏற்றத் துடித்தாள். ஒரு வாரம் வாய்ச்சண்டை. தோற்றது அவர்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"இனி விஞ்ஞானம் முடிவு பண்ணட்டும். யாருக்கு அறிவு அதிகமோ அவங்களுக்குத்தான் அறை."

"யாருங்க அளக்கறது?"

"நான்தான்."

"அதுவும் சரிதான். அளக்கறதுல உங்களை மிஞ்ச ஆள் ஏது?"

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார், பாவம். கேள்வித்தாளை எடுத்தார். நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, ஒன்றுதான் சரி. அவரே ஒருமுறை எழுதி முப்பத்தாறு வாங்கியிருந்தார். அந்தப் பெருமை இன்னும் ஆறவில்லை.

அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குத் தனி அறை ஒதுக்கப்போவதாகச் சொல்லத் தலைமையாசிரியை போன் பண்ணினார். இவர் எகிறினார்.

"மார்க்கு கம்மியா வாங்கின பிள்ளைக்குத்தாங்க தனி அறை கொடுக்கணும்! அதுதான் நியாயம்! நான் இருக்கிறவரைக்கும் இதுல மாத்தமே கிடையாது!"

மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பரீட்சை தொடங்கியது.

"வட்டம், சதுரம், வட்டம், சதுரம். அடுத்து என்ன?"

"முக்கோணம்."

"பசு, ஆடு, குதிரை, நாற்காலி. இதுல சேராதது எது?"

"பசு."

"ஏன்?"

"மத்ததுல எல்லாம் உட்காரலாமே."

"ஆட்டு மேலயா?"

"சின்ன ஆளா இருந்தா உட்காரலாம்ங்க."

விடை சரியா தப்பா என்று முகத்தில் காட்டக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். பொங்கிய சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினார். கொஞ்சம் இரக்கமும் வந்துவிட்டது.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுத்தாங்க சொல்றேன்."

முடிவில் நாற்பதுக்குப் பூஜ்யம். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பூஜ்யம்! ஒண்ணுகூடத் தேறலை! இப்ப என்ன சொல்றே?"

"என்னத்தைச் சொல்றது? தனி அறை எனக்குத்தான்."

"எப்படி?"

"மார்க்கு கம்மியா வாங்கினவங்களுக்குத்தான் தனி அறை, அதுதான் நியாயம்னு போன்ல கத்தினீங்களே. நீங்க இருக்கிறவரைக்கும் மாத்தமே கிடையாதாமே?"

சாயங்காலத்துக்குள் மச்சினன் வந்து மிஷினை மாடிக்குத் தூக்கிவிட்டான். கடகடவென்று மேலே சத்தம். கீழே இவர் விடைத்தாளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று பொறி தட்டியது. கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தால்கூடப் பத்தாவது சரியாக வந்திருக்குமே! படிகளைத் தாவி ஏறினார்.

"ஏமாத்திட்டே! நாற்பதும் தப்பாகணும்னா, நாற்பதுக்கும் சரியான விடை உனக்குத் தெரிஞ்சிருக்கணும்!"

மிஷின் நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்ப உங்களைவிட நாலு மார்க்கு அதிகம்னு சொல்றீங்க. அப்படிப் பார்த்தாலும் அறை எனக்குத்தானேங்க? போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க."