பெட்ரோல் போட வந்த சம்பந்தி

காரைக்காலின் பூவம் எல்லையில் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் ‘ஸ்டாக் இல்லை’ என்று அட்டை தொங்குவதைப் பார்த்ததும் கருப்பையன் பதறிப்போய் உள்ளே நுழைந்தார். இத்தனைக்கும் அவரிடம் இருப்பது சைக்கிள்தான்.

“எப்பம்மா லோடு வரும்?” என்று பங்க்கில் வேலை பார்க்கும் அல்லியிடம் கேட்டார்.

“தெரியலீங்கய்யா. அங்க சண்டை நின்னாத்தான்னு சொல்றாங்க.”

அங்கே என்றால் எங்கே என்று கருப்பையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளைகுடாவில் எந்த வல்லரசு எந்தப் பக்கம், எந்த எண்ணெய்க் கப்பல் எங்கே நங்கூரம் போட்டு நிற்கிறது, ஜலசந்தியை யார் மூடினார்கள், திறக்கச் சொல்லி யார் மிரட்டினார்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடம். கூட்டுறவு சங்கத்தில் உர மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்றபின் உலகத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

ஆனால் இப்போது அவர் கவலைப்பட்டது சம்பந்தி சோமுவை நினைத்து.

சோமு ஆக்கூர்க்காரர். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு. பெண் கொடுத்த வீட்டில் காரணமில்லாமல் காலடி வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கல்யாணத்தன்றே, “நல்லது கெட்டதுக்குக் கூப்பிட்டா வருவேங்க. சும்மா சும்மா வந்து நின்னா எம் பொண்ணுக்குத்தான் மரியாதைக் குறைச்சல்” என்று சொல்லிவிட்டுப் போனார். தாயில்லாத பெண் மதிவதனி, அன்று கண்ணைத் துடைத்தவள் பல மாதம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நல்லவேளையாகக் காரைக்காலில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோமு வாசலில் ஸ்கூட்டரோடு வந்து நின்றார். “பெட்ரோல் போட வந்தேங்க. அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு...”

அதன்பின் ஒரு ஞாயிறும் தவறவில்லை. அன்று மட்டும் மருமகள் சிரிக்கும் சத்தம் கொல்லைவரை கேட்கும். கருப்பையனுக்கும் லாபம் உண்டு. அவர் உலக அரசியலை ஆரம்பித்தால் எழுந்து போகாத ஒரே மனிதர் சோமுதான். காரைக்காலைத் தனியாக வைத்திருந்து, வரியும் தனியாக இருக்க வழி செய்துவிட்டுப் போன பிரெஞ்சுக்காரனுக்கு, வாராவாரம் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வார்.

இப்போது மதிவதனிக்கு நிறைமாதம் நெருங்குகிறது. இந்த நேரம் பார்த்து வல்லரசுகள் சோமுவின் வழியை அடைத்துவிட்டன.

“பெட்ரோல் இல்லேன்னா என்ன, போன் போட்டு வாங்கன்னு கூப்பிடுங்களேன்” என்றாள் மனைவி வடிவாம்பாள்.

“கூப்பிட்டா, என்ன விசேஷம்பாரு. என்னான்னு சொல்றது?”

யோசித்துப் பார்த்துவிட்டுப் போன் போட்டார். “சம்பந்தி, பங்க்ல இல்லேன்னு கவலைப்படாதீங்க. உங்களுக்குன்னு பெட்ரோல் எடுத்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்துடுங்க.”

மறுமுனையில் சோமு தடுமாறினார்.

“பெட்ரோலா... எனக்கா? உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?”

“என்னங்க சிரமம்! ஃபுல் டேங்க் ஊத்தி அனுப்புறேன்.”

போனை வைத்தபின்தான் கையில் ஒரு சொட்டுகூட இல்லை என்பது உறைத்தது. காரைக்கால் டவுனுக்குச் சைக்கிள் மிதித்தார். அங்கே ஒரு பங்க்கில் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. நின்று நின்று முறை வந்தபோது, “பாட்டில்லலாம் தர முடியாது பெரியவரே, வண்டி கொண்டாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வண்டி என்றதும் மகன் எழிலனின் பைக் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கொல்லையில் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சினார். முதல் வாய் தொண்டைக்குள் போய்விட்டது. இருமி, துப்பி, இரண்டு தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் குளியலறை ஓரமாக வைத்தார்.

மறுநாள் காலை, மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிய எழிலன் வரிச்சிக்குடியிலிருந்து கூப்பிட்டான். “அப்பா, பைக் நின்னுபோச்சு. டேங்க் காலி. எவனோ ராத்திரியில பெட்ரோலைத் திருடிட்டான்!”

“காலம் கெட்டுக் கிடக்குடா” என்றார் கருப்பையன். ஏப்பத்தில் பெட்ரோல் வாசம் வந்தது.

அதற்குள் வடிவாம்பாள், பாட்டிலில் இருப்பது பினாயில் என்று நினைத்து ஒன்றைக் குளியலறையில் ஊற்றித் தேய்த்திருந்தாள். வாசனை வீடெங்கும் பரவியது. மதிவதனி வாந்தி எடுத்தாள்.

“அடுப்பைப் பத்த வைக்கவே பயமா இருக்கு! சம்பந்தி வந்தா ஒரு காப்பி குடுக்க வழியில்ல. உங்களை யாருங்க இதெல்லாம் பண்ணச் சொன்னது?” என்று வடிவாம்பாள் ஜன்னல்களைத் திறந்துகொண்டே கத்தினாள்.

பதில் சொல்வதற்குள் வாசலில் சோமு நின்றார். வழக்கம்போல் வந்ததே தெரியவில்லை.

“வண்டியை எவ்வளவு நல்லா வச்சிருக்கீங்க சம்பந்தி! ஒரு சத்தம் வரணுமே!”

“எல்லாம் நேரத்துக்கு ஆயில் மாத்துறதுலதாங்க இருக்கு” என்றார் சோமு, எங்கோ பார்த்துக்கொண்டு.

“இந்தாங்க பெட்ரோல்.”

“ஐயய்யோ, வேணாங்க! இன்னும் நெறைய இருக்கு. மதி எங்கங்க?” என்று உள்ளே நழுவினார்.

தன்மானம் உள்ள மனிதர், கைநீட்டி வாங்க மாட்டார் என்று கருப்பையனுக்குத் தோன்றியது. அப்பாவும் பெண்ணும் பேசிக்கொண்டிருக்கையில் தானே ஊற்றிவிடுவது என்று மிச்சமிருந்த பாட்டிலோடு வெளியே வந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், படுத்துப் பார்த்தார். மூடியைக் காணோம். சாவி வண்டியிலேயே இருந்தது. சீட்டைத் தூக்கினால் மகளுக்காக ஒரு பை மாங்காய், அதன்கீழ் சுருட்டி வைத்த ஏதோ ஒயர். எண்ணெய்க் கப்பலின் வாய் எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்லிவிடுவார். ஸ்கூட்டரின் வாய்தான் அகப்படவில்லை.

உள்ளிருந்து மதிவதனியின் சிரிப்பு கேட்டது. காலையில் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்த பெண். கருப்பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சிரிப்புக்காக இன்னொரு குழாய் உறிஞ்சச் சொன்னாலும் உறிஞ்சுவார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே பங்க்குக்குப் போனார். அல்லி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“அம்மாடி, இதுல பெட்ரோல் எங்க ஊத்துறதுன்னு காட்டேன். சம்பந்தி வண்டி. இதை ஊத்தி அனுப்பலேன்னா அடுத்த வாரம் அவரு வரமாட்டாரு. மருமக மூஞ்சியை என்னால பாக்க முடியாது.”

அல்லி எழுந்து வந்தாள். வண்டியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், வியர்த்து நின்ற கருப்பையனைப் பார்த்தாள்.

“இந்த வண்டிக்காரரு உங்க சம்பந்தியாங்கய்யா? இது பேட்டரி வண்டியாச்சே! ஞாயித்துக்கிழமை தவறாம இங்க வந்து, டயருக்குக் காத்து மட்டும்தான் அடிச்சிட்டுப் போவாரு.”